போலந்தைப் பார்த்தவர் யார், எந்த ஆண்டில் பார்த்தார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில், பத்தொன்பதாம் நூற்றாண்டு ரஷ்யப் பயணிகளின் கண்ணில் போலந்து எப்படித் தெரிந்தது என்ற கட்டுரையைப் படித்தேன். இப்படி ஒரு பொருளுக்கு ஒரு தமிழ் நாளிதழ் முழுதாக இரண்டு பக்கம் கொடுத்ததற்கு முதலில் என் நன்றி. ஆனால் படித்து முடித்த பிறகு மனசு ஆறவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம் கொஞ்சம் நீளமாகவே வருகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

சேறும் சகதியுமான ஊர்கள், குடித்தே அழியும் விவசாயி, கையில் காசில்லாவிட்டாலும் பெருமை குறையாத பிரபு, ஆளை மயக்கும் போலந்துப் பெண், பயணியை ஏமாற்றும் யூத விடுதிக்காரர் என்று கட்டுரையாளர் பல குறிப்புகளிலிருந்து வரிகளை எடுத்து அடுக்கியிருக்கிறார். கடைசியில், அன்றைய போலந்து இப்படித்தான் இருந்தது என்று முடித்தும் விட்டார். அந்த வரிகளை எழுதியவர் எந்த ஆண்டில் அங்கே போனார், என்ன வேலையாகப் போனார் என்பது ஓரிடத்தில்கூட இல்லை. எனக்கு வருத்தம் தந்தது அதுதான்.

நான் எண்பதுகளில் மாஸ்கோவில் தங்கி ரஷ்ய மொழியும் இலக்கியமும் படித்தவள். பிறகு வேலைக்காலம் முழுக்க அந்த மொழியைக் கற்றுக்கொடுத்தேன். ரஷ்ய இலக்கியத்தின் மேல் எனக்குள்ள அன்பு இன்றும் அப்படியே இருக்கிறது. அந்த எழுத்தாளர்களை நேசிப்பவர்கள் அவர்கள் எங்கே நின்று பார்த்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி.

விடுதியில் என் அறைத்தோழி லுப்லின் பக்கத்துப் போலந்துப் பெண். பள்ளியிலேயே ரஷ்ய மொழி கட்டாயப் பாடம் என்பதால் என்னைவிட நன்றாகப் பேசுவாள். ஒருநாள் நான் பாடத்துக்காக ஒரு ரஷ்ய அதிகாரியின் பழைய குறிப்புகளைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தேன். போலந்துக் கிராமம் ஒன்றின் வறுமையை அவர் மிகவும் உருக்கமாக எழுதியிருந்தார். அவள் குறுக்கே ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "எந்த வருஷம்? அவர் என்ன பதவி?" கோபமாகக் கேட்கவில்லை. கணக்குப் போடுகிறவர்கள் விடுபட்ட எண்ணைக் கேட்பார்களே, அந்த மாதிரிக் கேட்டாள். அதன் பிறகு எந்தப் பயணக் குறிப்பை எடுத்தாலும் நான் அந்த இரண்டையும்தான் முதலில் தேடுகிறேன். உங்கள் கட்டுரையிலும் தேடினேன்.

1772, 1793, 1795 ஆகிய மூன்று ஆண்டுகளில் ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூன்றும் போலந்தைத் துண்டு போட்டுப் பிரித்துக்கொண்டன (1793-ல் மட்டும் ஆஸ்திரியா சேரவில்லை). நெப்போலியன் 1807-ல் வார்சா கோமகவம் என்று ஒரு சின்ன அரசை உண்டாக்கினார். அவர் வீழ்ந்த பிறகு, 1815-ல் வியன்னா மாநாடு அதன் பெரும்பகுதியைப் போலந்து ராஜ்ஜியம் என்ற பெயரில் ரஷ்ய ஜாரிடம் கொடுத்தது. ஆகவே அந்த நூற்றாண்டில் வார்சாவுக்கு வந்து இறங்கிய ரஷ்யர், தன் அரசின் படை பிடித்து வைத்திருந்த ஊருக்கு வந்தவர். பாரிசைப் பார்க்கப் போகும் ரஷ்யரின் நிலை வேறு, இவர் நிலை வேறு.

விவசாயியின் வறுமையை எடுத்துக்கொள்வோம். கட்டுரையாளர் அதிகம் நம்பியிருப்பது ஃபியோதர் கிளிங்கா மாதிரியான அதிகாரிகளை. கிளிங்கா நல்ல எழுத்தாளர், இரக்கமுள்ள மனிதர். 1805-ல் நெப்போலியனை எதிர்த்து ஆஸ்திரியாவுக்குப் போன படையோடு போலந்து நிலத்தைக் கடந்தார். 1812 முதல் 1815 வரை மறுபடியும் படையோடு மேற்கே நடந்தார். இவான் லாஷெச்னிக்கோவ் என்ற இன்னொரு இளம் அதிகாரியும் அதே ஆண்டுகளில் அதே வழியில் போனவர். அவருடைய குறிப்புகள் 1820-ல் நூலாக வந்தன. சரி, இவர்கள் பார்த்த கிராமம் எந்த நிலையில் இருந்தது? 1812 கோடையில் நெப்போலியனின் பெரும்படை அந்த வழியாகத்தான் ரஷ்யாவுக்குப் போனது. போகிற வழியில் தானியத்தையும் மாட்டையும் குதிரையையும் வாரிக்கொண்டு போனது. அந்தக் குளிர்காலத்தில் மிச்சம் மீதியிருந்த படை அதே வழியாகத் தள்ளாடித் திரும்பியது. அதைத் துரத்திக்கொண்டு 1813 தொடக்கத்தில் ரஷ்யப் படை உள்ளே வந்தது. ஒரே ஆண்டுக்குள் இத்தனை படைகள் மிதித்துப் போன ஊரில் அடுப்பு எரியவில்லை, தொழுவம் காலியாக இருந்தது என்று எழுதினால், அது போரைப் பற்றிய சாட்சியம். அதைப் போலந்து மக்களின் குணம் என்று படிப்பது அநியாயம்.

இதில் இன்னொன்றும் உண்டு. போலந்து நிலப்பிரபு தன் விவசாயியை வதைக்கிறான் என்று இந்த அதிகாரிகள் வேதனைப்பட்டது உண்மையான வேதனைதான். பிரபுக்கள் வதைத்ததும் உண்மை. ஆனால் 1807-ல் வார்சா கோமகவத்தின் அரசியல் சாசனம் பண்ணையடிமைத்தனத்தைச் சட்டப்படி ஒழித்துவிட்டது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த ஆணையோ, நிலம் பிரபுவுக்கே சொந்தம் என்று வைத்தது. விவசாயியின் காலிலிருந்து விலங்கைக் கழற்றியபோது கூடவே செருப்பையும் கழற்றிவிட்டார்கள் என்று போலந்தில் சொல்வார்கள். அந்த அரைகுறை விடுதலையாவது அங்கே இருந்தது. ரஷ்யாவில் அது 1861-ல்தான் வந்தது. போலந்து விவசாயிக்காக வருந்திய ரஷ்ய அதிகாரிகள் பலருடைய சொந்த ஊரில், விற்கவும் வாங்கவும் கூடிய மனிதர்கள் அப்போதும் இருந்தார்கள். இதைச் சொல்லாமல் அந்த வருத்தத்தை மட்டும் எடுத்துக்காட்டினால் பாதிக் கதைதான் கிடைக்கும். மறுபாதியையும் நியாயமாகச் சொல்ல வேண்டும்: ரஷ்ய ஆட்சியை எதிர்த்துப் போலந்தில் எழுந்த 1863 கிளர்ச்சி நடந்துகொண்டிருந்தபோதே, 1864 மார்ச்சில், ஜார் அரசு போலந்து விவசாயிகளுக்கு நிலத்தைச் சொந்தமாக்கியது. ரஷ்ய விவசாயிக்குக் கிடைத்ததைவிட நல்ல நிபந்தனைகளில் கொடுத்தது. பிரபுக்களிடமிருந்து விவசாயிகளைப் பிரிப்பது அதன் நோக்கம். நோக்கம் எதுவாக இருந்தாலும் நிலம் கைக்கு வந்தது.

கட்டுரையில் "சாலையே இல்லாத நாடு" என்று ஒரு துணைத்தலைப்பு இருக்கிறது. தயவுசெய்து அதைத் திருத்துங்கள். வார்சாவிலிருந்து பூக் ஆற்றங்கரையில் உள்ள பிரெஸ்ட் வரைக்கும் கப்பி போட்ட நல்ல சாலை 1820-க்கும் 1823-க்கும் இடையில் போடப்பட்டது. அதன் நினைவாக வார்சா ஓரத்தில் குரோஹுவிலும் எல்லையில் டெரஸ்போலிலும் நிறுத்திய தூண்கள் இன்றும் நிற்கின்றன. மாஸ்கோவையும் பீட்டர்ஸ்பர்கையும் இணைக்கும் கப்பிச் சாலை 1830-களில்தான் முடிந்தது. பூக் ஆற்றைத் தாண்டினால் சுங்கச் சாவடியும் உண்டு. ஒரே மன்னரின் ஆட்சிதான், ஆனாலும் 1850 வரைக்கும் இரண்டுக்கும் நடுவில் சுங்க எல்லை இருந்தது. தேதியும் மாறும். ரஷ்யாவில் பழைய ஜூலியன் நாள்காட்டி, போலந்தில் கிரெகோரியன். அந்த நூற்றாண்டில் இரண்டுக்கும் 12 நாள் வித்தியாசம். வெளிநாட்டுக்குள் நுழைகிறோமா, சொந்த நாட்டிலேயே இருக்கிறோமா என்று பயணிக்கே குழப்பம் வந்திருக்கும்.

அந்தக் குழப்பத்தை நேர்மையாக வாழ்ந்து பார்த்த ஒருவர் உங்கள் கட்டுரையில் இல்லவே இல்லை. எனக்கு அதிக ஏமாற்றம் தந்தது அதுதான். அவர் ரஷ்யக் கவிஞர் பியோத்தர் வியாசெம்ஸ்கி, மகாகவி பூஷ்கினின் நெருங்கிய நண்பர். 1818-ல் அரசாங்க உத்தியோகத்தில், நொவோசில்த்செவ் என்ற உயரதிகாரியின் அலுவலகத்துக்கு, வார்சாவுக்கு வந்தார். அந்த மார்ச் மாதம் ஜார் முதலாம் அலெக்சாந்தர் போலந்து நாடாளுமன்றத்தைத் திறந்து வைத்து பிரெஞ்சில் பேசினார். போலந்துக்குக் கொடுத்த சட்டபூர்வமான அமைப்புகளைத் தன் ஆளுகைக்குட்பட்ட மற்ற நிலங்களுக்கும் விரிக்கும் எண்ணம் உண்டு என்றார். அந்தப் பேச்சை ரஷ்ய மொழியில் ஆக்கியவர் வியாசெம்ஸ்கி. ஒரு ரஷ்யர் வார்சாவுக்கு வந்துதான் நாடாளுமன்றம் என்றால் என்னவென்று கண்ணால் காண வேண்டியிருந்தது என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ரஷ்யாவுக்கென ஓர் அரசியல் சாசன வரைவு அந்த அலுவலகத்தில் தயாரானபோது அதிலும் இவர் பங்கு உண்டு. போலந்து மொழி கற்றார். போலந்துக் கவிஞர் கிராசிட்ஸ்கியின் நீதிக்கதைகளை மொழிபெயர்த்தார். அங்கே சுதந்திரம் பேசியவர்களோடு பழகினார். 1821-ல் விடுமுறையில் வந்தவரை, இனி வார்சாவுக்குத் திரும்பிப் போகக் கூடாது என்று வேலையிலிருந்தே நிறுத்திவிட்டார்கள்.

பத்து ஆண்டு கழித்து, 1830 நவம்பரில் வார்சாவில் ரஷ்ய ஆட்சியை எதிர்த்துக் கிளர்ச்சி வெடித்தது. 1831 செப்டம்பரில் ரஷ்யத் தளபதி பாஸ்கேவிச்சின் படை நகரைப் பிடித்தது. பூஷ்கினும் கவிஞர் ஷுக்கோவ்ஸ்கியும் வெற்றிக் கவிதைகள் எழுதினார்கள். இருவரும் வியாசெம்ஸ்கிக்கு நண்பர்கள். ஆனாலும் தன் குறிப்பேட்டில் அவர் கசப்போடு எழுதினார்: இவ்வளவு பெரிதாகப் படுத்துக்கிடக்கிறோம் என்பதில் பெருமைப்பட என்ன இருக்கிறது, நமக்கு ஒரு சிந்தனைக்கும் அடுத்த சிந்தனைக்கும் இடையே ஐயாயிரம் வெர்ஸ்ட் தூரம் இருக்கிறதே என்று (வெர்ஸ்ட் என்பது ஒரு கிலோமீட்டரைவிடச் சற்றே நீளமான பழைய ரஷ்ய அளவு). பிற்காலத்தில் இதே மனிதர் அரசுப் பதவிகளில் உயர்ந்தார், கருத்தும் இறுகிப்போனது. இருந்தாலும் 1831-ல் நண்பர்கள் எல்லோரும் ஒரு பக்கம் நின்றபோது, வார்சாவில் வாழ்ந்து பார்த்த ஒருவர் இப்படி எழுதினார் என்பது உங்கள் வாசகர்களுக்குத் தெரிய வேண்டாமா?

1831-க்குப் பிறகு போனவர்களின் குறிப்புகளை அதற்கு முந்தியவர்களின் குறிப்புகளோடு கலந்து தருவது பெரிய பிழை. நகரமே மாறிவிட்டது. அரசியல் சாசனம் போனது. பல்கலைக்கழகம் மூடப்பட்டது. நூலகங்களிலிருந்து புத்தகங்கள் பீட்டர்ஸ்பர்குக்கு வண்டியேறின. வடக்கே விஸ்துலா ஆற்றோரம் வீடுகளை இடித்துவிட்டு, பீரங்கிகள் நகரைப் பார்த்தபடி ஒரு கோட்டை எழுந்தது. அதற்கான செலவையும் போலந்தின் தலையிலேயே கட்டினார்கள். 1835 அக்டோபரில் ஜார் முதலாம் நிக்கலாய் வார்சா நகரப் பிரதிநிதிகளை வரவழைத்து நேராகவே சொன்னார்: சின்னக் கலகம் நடந்தாலும் இந்தக் கோட்டையிலிருந்து நகரத்தை அழித்துவிடுவேன், திரும்பக் கட்டித்தர மாட்டேன். இந்தப் பேச்சுக்குப் பிறகு அங்கே போன ஒரு ரஷ்யப் பயணியிடம் வார்சாக்காரர்கள் அதிகம் பேசவில்லை என்றால், முகம் கொடுக்கவில்லை என்றால், அதை "போலந்து அகம்பாவம்" என்று எழுதியவரை நாம் அப்படியே நம்பலாமா? நான் 1986-ல் அந்தக் கோட்டைக்குப் போயிருக்கிறேன். பத்தாவது கட்டடம் என்று அழைக்கப்படும் சிறைப் பகுதி இப்போது அருங்காட்சியகம். 1863 கிளர்ச்சியின் கடைசித் தலைவர் ரொமுவால்த் திரௌகுத் அங்கே அடைபட்டிருந்து, 1864 ஆகஸ்ட் 5 அன்று கோட்டைச் சரிவில் தூக்கிலிடப்பட்டார்.

யூத விடுதிக்காரரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இந்தப் பயணக் குறிப்புகளில் அவர் வராத பக்கம் குறைவு. குதிரை மாற்ற அவர், பணம் மாற்ற அவர், ராத்திரி தங்க அவர் வீடு, குளிருக்கு அவர் அடுப்பு. இத்தனையும் வாங்கிக்கொண்டு அவரைக் கேவலமாக எழுதிவிட்டுப் போனவர்கள் பலர். மேற்கு மாகாணங்களில் யூதர்கள் ஏன் சின்னச் சின்ன ஊர்களில் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்தார்கள்? 1791 முதல் ரஷ்ய அரசே அவர்களுக்கு எல்லை வகுத்து, அதற்கு வெளியே குடியேறக் கூடாது என்று வைத்திருந்தது. தன் அரசு போட்ட வேலிக்குள் நெரிசல் இருப்பதைப் பார்த்து அதில் அடைபட்டவரைத் திட்டுவது எந்த ஊர் நியாயம்? கட்டுரையாளர் அந்த வசவு வரிகளை விளக்கம் ஏதும் இல்லாமல் அச்சில் கொண்டுவந்திருப்பது எனக்கு உண்மையிலேயே வலித்தது.

ரயில் வந்த பிறகு பார்வை இன்னும் அவசரமானது. டால்ஸ்டாய் 1857 ஜனவரியில் பாரிசுக்குக் கிளம்பியபோது மாஸ்கோவிலிருந்து வார்சா வரை தபால் வண்டியில் வந்து, அங்கிருந்துதான் ரயில் ஏறினார். வார்சாவையும் வியன்னாவையும் இணைத்த ரயில் பாதை 1848-லேயே தயாராகிவிட்டது. பீட்டர்ஸ்பர்கிலிருந்து வார்சாவுக்கு ரயில் 1862-ல்தான் வந்தது. ஆனால் அது நின்ற இடம் விஸ்துலா ஆற்றுக்குக் கிழக்கே உள்ள பிராகா புறநகர். வியன்னா ரயில் கிளம்பும் நிலையம் ஆற்றுக்கு மேற்கே. தண்டவாள அகலமும் வேறு, ஏறக்குறைய 9 சென்டிமீட்டர் வித்தியாசம். அதனால் இறங்கி, மூட்டை முடிச்சோடு குதிரைவண்டி பிடித்து, மிதவைப் பாலத்தைக் கடந்து அடுத்த நிலையத்துக்குப் போக வேண்டும். கெர்பெத்ஸ் என்ற பொறியாளர் கட்டிய இரும்புப் பாலம் 1864-ல்தான் திறந்தது. இந்த இரண்டு நிலையங்களுக்கு நடுவில் பார்த்ததை வைத்துக்கொண்டே வார்சாவைப் பற்றி எழுதியவர்களும் உண்டு. (அந்த அகல வித்தியாசம் இன்றும் இருக்கிறது. நான் மாஸ்கோவிலிருந்து போனபோது பிரெஸ்டில் பெட்டிகளைத் தூக்கிச் சக்கரங்களை மாற்றினார்கள். இரவு நேரம், ஒருவரும் தூங்கவில்லை.)

நின்று பார்த்தவர் என்று ரஷ்ய எழுத்தாளர் லெஸ்கோவைச் சொல்வேன். 1862-ல் ஒரு பீட்டர்ஸ்பர்க் நாளிதழின் நிருபராக வில்னா, குரோத்னோ, பின்ஸ்க், லிவிவ், கிராக்கோவ் வழியாகப் பிராக் போய் அங்கிருந்து பாரிஸ் சேர்ந்தார். கியேவில் வேலை பார்த்த காலத்திலேயே போலந்து மொழி படித்திருந்ததால் மொழிபெயர்ப்பாளர் இல்லாமலே மக்களோடு பேச முடிந்தது. அவர் போன நேரத்தையும் கவனிக்க வேண்டும். 1861 பிப்ரவரியில் வார்சா ஊர்வலத்தில் ராணுவம் சுட்டு ஐந்து பேர் இறந்தார்கள். ஏப்ரலில் இன்னும் பலர். அதன் பிறகு போலந்துப் பெண்கள் கறுப்பு உடையும் கறுப்பு நகையும் அணிந்து துக்கம் காத்தார்கள். 1863-ல் வில்னாவில் ஆளுநர் முராவியோவ் கறுப்பு உடுத்திய பெண்களுக்கு அபராதம் போட்டார். உங்கள் கட்டுரையில் வரும் அந்த "மயக்கும் போலந்துப் பெண்" இந்த ஆண்டுகளில் கறுப்பு உடுத்தித்தான் தெருவில் நடந்தாள்.

1863-ல் கிளர்ச்சியைப் பற்றி எழுத வந்த நிகலாய் பெர்க் என்ற பத்திரிகையாளர் வார்சாவிலேயே தங்கிவிட்டார். பல்கலைக்கழகத்தில் ரஷ்ய மொழி கற்பித்தார். போலந்து மகாகவி மிட்ஸ்கியேவிச்சின் 'பான் ததேயுஷ்' காவியத்தை ரஷ்ய மொழிக்குக் கொண்டுவந்தார். அதே பல்கலைக்கழகத்தில் 1869 முதல் பாடம் எல்லாமே ரஷ்ய மொழியில்தான் நடந்தது என்பதும் அதோடு சேர்ந்த உண்மை. ஒரே மனிதரிடத்தில் இரண்டும் இருந்தது. அவரை நல்லவர், கெட்டவர் என்று ஒரு பக்கமாகத் தள்ள எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த வாரம் கட்டுரையின் இரண்டாம் பகுதி வரும் என்று போட்டிருக்கிறீர்கள். அதில் எதிர்த் திசையில் பயணம் செய்தவர்களுக்கும் இடம் கொடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். மிட்ஸ்கியேவிச் சுற்றிப் பார்க்க ரஷ்யாவுக்குப் போகவில்லை. மாணவர் சங்கத்தில் இருந்ததற்காக 1823-ல் வில்னாவில் கைதாகி, அடுத்த ஆண்டு ரஷ்யாவுக்கு அனுப்பப்பட்டார். 1829 வரை அங்கே இருந்தார். பூஷ்கினும் வியாசெம்ஸ்கியும் அவரைக் கொண்டாடினார்கள். 1832-ல் வெளிவந்த 'முன்னோர் விழா' நாடகத்தின் மூன்றாம் பகுதியோடு, பனிவெளிச் சாலையில் தொடங்கி பீட்டர்ஸ்பர்க் வரைக்கும் போகும் ஒரு கவிதை வரிசையைச் சேர்த்தார். அதன் முடிவில் ரஷ்ய நண்பர்களுக்கென்று ஒரு கவிதை. அதில், ஜாரை எதிர்த்ததற்காகத் தூக்கிலிடப்பட்ட ரஷ்யக் கவிஞர் ரிலேயெவையும் நினைத்துக்கொள்கிறார். ஜாரின் ஆட்சியை வெறுத்துக்கொண்டே ரஷ்ய மனிதர்களை நேசிக்க முடியும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தெரிந்து கிடையாது. பூஷ்கின் அதைப் படித்தார். 1833-ல் எழுதிய 'வெண்கலக் குதிரைவீரன்' குறிப்புகளில் மிட்ஸ்கியேவிச்சின் பெயரைச் சொல்லியிருக்கிறார்.

சோவியத் காலத்தில் மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகமும் ராதுகா பதிப்பகமும் மலிவு விலையில் கொண்டுவந்த தமிழ்ப் புத்தகங்களால் டால்ஸ்டாயும் தஸ்தயேவ்ஸ்கியும் நம் வீட்டு அலமாரிக்கு வந்தார்கள். என் தலைமுறைக்கு அது பெரும் வரம். போலந்துக் கவிஞர்கள் அந்த அளவுக்கு நம்மிடம் வரவில்லை. அதனால்தான் போலந்தைப் பற்றி ரஷ்யப் பயணி சொன்னதை மட்டும் கேட்டுவிட்டு எழுந்துவிடக் கூடாது என்று இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

அப்புறம், கட்டுரையோடு வந்த வரைபடத்தையும் திருத்தச் சொல்லுங்கள். போலந்து முழுவதையும் ரஷ்யாவின் நிறத்திலேயே போட்டிருக்கிறார்கள். போஸ்னான் பிரஷ்யாவிடம் இருந்தது. லிவிவ் ஆஸ்திரியாவிடம். கிராக்கோவ் 1815 முதல் 1846 வரை சுதந்திர நகரம், அதன் பிறகு ஆஸ்திரியாவுக்குப் போனது. இரண்டாம் பகுதியில் எடுத்துக்காட்டும் ஒவ்வொரு மேற்கோளின் கீழேயும் எழுதியவர் பெயரோடு அவர் பயணம் செய்த ஆண்டையும் அப்போது வகித்த பதவியையும் ஒரு வரியில் போட்டால் போதும். இடம் அதிகம் பிடிக்காது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரஷ்ய மொழி ஆசிரியை,
மதுரை